லெஸ்டர் சிட்டியின் 2015-16 பருவத்தை நோட்டில் எழுதிப் படிப்பது எப்படி?

கடைசிப் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஒரு பருவம் புரியாது. ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் அந்தப் பருவம் பட்டம் வென்ற லெஸ்டருக்காக நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் பக்கத்தில் முந்தைய பருவம்: 2014 கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடம், முடிவில் 41 புள்ளிகளோடு 14-ஆம் இடம். இதை எழுதாமல் தொடங்காதீர்கள்.

அப்புறம் 38 வரிகள். தேதி, எதிரணி, சொந்த மைதானமா வெளியூரா, கோல்கள், மொத்தப் புள்ளி. கோல் வாங்காத ஆட்டத்துக்குச் சிவப்பு மை. முதல் 9 ஆட்டங்களில் சிவப்பே வராது! கோல் விடாமல் ஆடினால் பீட்சா வாங்கித் தருவதாகப் பயிற்சியாளர் ரனியேரி சொல்லியிருந்தார்; 10-ஆவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என வென்றார்கள். மார்ச் 5 தொடங்கி ஏப்ரல் 3 வரை வாட்ஃபோர்டு, நியூகாசில், மறுபடி பேலஸ், சவுதாம்ப்டன் என நான்கு ஆட்டங்கள் வரிசையாக 1-0. லெஸ்டரின் முன்கள வீரர் வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ இந்த நான்கு சிவப்பு வரிகளைப் பார்த்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

தோல்விகளை வட்டமிடுங்கள். மூன்றுதான்: ஆர்சனலிடம் இரண்டு, லிவர்பூலிடம் ஒன்று.

சரி, ஓரத்தில் போட்டி அணிகளின் முடிவுகளுக்கும் இடம் விடுங்கள். 2016 மே 2 அன்று லெஸ்டர் ஆடவே இல்லை. பட்டத்துக்காகத் துரத்திவந்த டாட்டன்ஹாம் செல்சியோடு 2-2 எனச் சமன் செய்ததும் லெஸ்டருக்குப் பட்டம் உறுதியானது. கடைசி வரியில் லெஸ்டர் 81 புள்ளி, இரண்டாம் இடத்து ஆர்சனல் 71.