பிடித்த ஆட்டக்காரர் தப்பாக நடந்துகொண்டால் அந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பது எப்படி

ஒன்பது வருஷமாக ஒரே டென்னிஸ் ஆட்டக்காரரின் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். பெயர் வேண்டாம். போன வருஷம் களிமண் ஆடுகளத்தில் ஒரு போட்டி, மூன்றாவது செட்டைத் தீர்மானிக்கும் டை-பிரேக். அவர் அடித்த பந்து வெளியே என்று கோட்டு நடுவர் சொன்னார். உயர நாற்காலியில் இருக்கும் முதன்மை நடுவரும் இறங்கி வந்து, களிமண்ணில் பந்து பதித்த தடத்தைப் பார்த்து, வெளியேதான் என்றார். இவர் வலையைச் சுற்றிக்கொண்டு எதிராளியின் பக்கத்துக்கே போய், வேறொரு தடத்தைக் காட்டிக் கத்தினார். தோற்ற பிறகு எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் விரல் நுனியால் கை கொடுத்தார். நடுவருக்கு அதுவும் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஓர் இரவு வந்திருந்தால், நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் யாரிடமும் அவருக்காக வாதாடாதீர்கள். என்னிடம் மூன்று சாக்குகள் தயாராக இருந்தன: கணுக்கால் வலி, கூச்சல் போட்ட கூட்டம், முதல் செட்டில் வந்த ஒரு தப்பான தீர்ப்பு. மூன்றும் உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவரை வலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவரேதான் நடந்து போனார்.

அடுத்து, உங்களை உறுத்துவது எது என்று பிரித்துப் பாருங்கள். சில விஷயங்கள் பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் விதிப்படி சரி. கைக்குக் கீழே சர்வீஸ் போடுவது அப்படித்தான். 1989 பிரெஞ்சு ஓப்பனில் காலில் தசைப்பிடிப்போடு ஆடிய மைக்கேல் சாங், இவான் லெண்டலுக்கு எதிராக அப்படிப் போட்டார். அதில் தப்பே இல்லை. வலையைத் தாண்டிப் போய்ப் பந்தின் தடத்தைப் பார்ப்பது வேறு, அது நடத்தை விதி மீறல். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு ஒரு புள்ளி போகும், அதற்கடுத்து ஒரு கேமே போகும். மோசமான செயல் என்றால் நேராக ஆட்டத்தை விட்டே வெளியேற்றலாம். இவருக்கு எச்சரிக்கை கிடைத்தது; அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது. எனக்குத் தீராமல் இருந்தது அந்தக் கைகுலுக்கல். அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் தேடிப் பயனில்லை.

இப்போது முக்கியமானது. ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அதே ஆட்டத்தை மறுபடி போடுங்கள். இந்த முறை எதிராளியை மட்டும் பாருங்கள். உங்கள் ஆள் சர்வீஸ் போடும்போதும் கண்ணை எதிராளியிடமே வையுங்கள். இது கஷ்டம். ஒன்பது வருஷப் பழக்கத்தில் என் கண் தானாக இந்தப் பக்கம் ஓடி வந்துகொண்டே இருந்தது. முதல் செட் முடிந்த பிறகுதான் அந்தப் பையனை நான் பார்க்கவே தொடங்கினேன். தரவரிசையில் முதல் நூறுக்குள் இல்லாதவன். இவர் கத்திக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவன் பின்கோட்டுக்கு அருகே நின்று, ராக்கெட்டின் நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த சர்வீஸை நடுக்கோட்டை ஒட்டி இறக்கினான், இவரால் தொடவே முடியவில்லை. நேரலையில் அந்தப் புள்ளியை நான் கவனித்த நினைவே இல்லை. ஜெயித்த பிறகு பெரிய சிரிப்போடு வலைக்கு ஓடி வந்தவனின் முகம், அந்த விரல் நுனியைத் தொட்டதும் சுருங்கிப் போனது. என் வருத்தம் எனக்காக இல்லை, அவனுக்காக என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் டென்னிஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டத்தின் நடுவே என் மகன், "அம்மா, அவர் பண்றது சரியா?" என்று கேட்டான். "டென்ஷன்ல பண்ணிட்டார்ப்பா" என்றேன். நாலாம் நாள் பயிற்சியில் அவன் ராக்கெட்டைத் தரையில் அடித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "டென்ஷன்மா" என்றான். அன்று மாலையே அவனை உட்கார வைத்து, அவர் செய்தது தப்பு, நான் உனக்குச் சொன்ன பதிலும் தப்பு என்று சொன்னேன். 2005 ரோம் போட்டியையும் சொன்னேன். அதுவும் களிமண், அங்கேயும் ஒரு தடம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆண்டி ராடிக்குக்கு வெற்றி. பெர்னாண்டோ வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வீஸ் வெளியே என்று அறிவிக்கிறார்கள். அப்படியே விட்டிருந்தால் புள்ளி ராடிக்குக்கு, ஆட்டமே முடிந்துபோயிருக்கும். ராடிக் தடத்தைக் காட்டி, பந்து உள்ளே விழுந்தது என்கிறார். கடைசியில் வெர்டாஸ்கோ ஜெயித்தார். "அப்போ ராடிக் தோத்துட்டாரா?" என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமாம், தோற்றார் என்றேன்.

மன்னிப்பு வந்தால், அது யாரிடம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். 2017 டேவிஸ் கோப்பையில் டெனிஸ் ஷபோவலோவ் கோபத்தில் அடித்த பந்து நடுவரின் கண்ணில் பட்டு, ஆட்டத்தை இழந்தார். அப்போது வயது 17. வெட்கப்படுவதாகச் சொன்னார், நடுவரிடம் மன்னிப்புக் கேட்டார். என் ஆட்டக்காரர் "ரசிகர்களிடம்" மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் ஏற்கவில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. அந்தப் பின்கை அடி இன்னும் எனக்கு உயிர். ஆனால் முன்பெல்லாம் கடைசிப் புள்ளி முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவேன். இப்போது வலையருகே இருவரும் கை கொடுத்து, நடுவருக்கும் கொடுக்கும் வரை காத்திருக்கிறேன். ஒரு போட்டியில் யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல் (டிரா) வெளியானதும் முதலில் தேடுவது அந்தப் பையனின் பெயரை.