பசியைக் குறைக்கும் ஊசி: முதல் பேனா வாங்குமுன் செய்ய வேண்டியவை

"அக்கா, எங்க அண்ணிக்கு எட்டு கிலோ இறங்கிடுச்சாம். அதே ஊசி ஒண்ணு குடுங்க." தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மவுன்ஜாரோ (உள்ளே இருக்கும் மருந்து டிர்செபடைடு), வெகோவி (செமாகுளூடைடு) என்ற இரண்டு ஊசிகளும் 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததிலிருந்து அதிகம். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது.

முதலில் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து உட்பட. கணையத்தில் எப்போதாவது வீக்கம், பித்தப்பைக் கல், வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா? குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா? செமாகுளூடைடு என்றால் கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம், அதனால் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பு வேண்டும். இன்சுலின் போடுபவர் அதைச் சொல்லாமல் விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கூச்சப்படாமல் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏதாவது உள்ளவர்களுக்கான மருந்து இது. கல்யாணத்துக்குள் நாலு கிலோ இறக்குவதற்கு அல்ல.

அப்புறம் வாங்குவது. பில் கேளுங்கள், பெட்டி பிரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். 'மூலிகை' ஒல்லிப் பொடிகளிடம் ஜாக்கிரதை. மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தால் 2011இல் இங்கே தடை செய்யப்பட்ட சிபுட்ராமின் என்ற எடை குறைப்பு மருந்து, இப்படிப்பட்ட பொடிகளில் கலந்து பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

வாங்கியதை வைப்பதில்தான் நம் ஊரில் சிக்கல். பிரிக்காத பேனா (மருந்து நிரப்பி, பேனா வடிவில் வரும் ஊசி) ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வெளியே எத்தனை நாள் இருக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும், ஆனால் அதுவும் 30 டிகிரிக்குள்தான். மே மாதம் வியாசர்பாடியில் ஷீட் போட்ட வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? தொடங்கிய பேனாவையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துபோன மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கடையிலிருந்து கொண்டுபோகும்போதும் ஐஸ் கட்டி நேரே பேனாவில் படக் கூடாது.

இனி ஊசி. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில். காலண்டரில் வட்டம் போடுங்கள். முதல் நான்கு வாரம் செமாகுளூடைடு 0.25 மில்லிகிராம், டிர்செபடைடு 2.5 மில்லிகிராம். இது உடம்பைப் பழக்குவதற்கான அளவு. எடை இறங்கவில்லையே என்று நீங்களே கூட்டினால் வாந்தியோடு வந்து நிற்பீர்கள். ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவை இன்னொருவருக்குத் தரக் கூடாது, தங்கச்சியானாலும் சரி. கழற்றிய முனையைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பையில் கையை விடும் தூய்மைப் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் பொரித்த மீனும் பழைய அளவில் போனால் குமட்டும். பாதித் தட்டோடு எழுந்துவிடுங்கள். பசி போனால் தண்ணீர் குடிக்கும் ஞாபகமும் கூடவே போய்விடும், எனக்கு இதுதான் பெரிய கவலை. காசிமேட்டில் வெயிலில் கூடை தூக்குபவருக்கு வாந்தி, பேதியும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். பாட்டிலைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். முட்டை, பருப்பு, மீன் குழம்பு தினமும் கொஞ்சமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, அது முதுகுக்கும் பரவுகிறது என்றால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கணைய வீக்கமாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும், தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டாலும் அப்படியே. ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனதா? பழைய அளவிலேயே போட்டுக்கொள்ளாமல், ஒரு போன் போட்டு டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.