கைவேலை பிள்ளையுடையது: வீட்டில் நாங்கள் விடும் பிழைகள்

போன வெசாக்குக்கு மொண்டிசோரியில் ஆளுக்கொரு வெளிச்சக் கூடு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். மகளுக்கு நான்கு வயது. மூங்கில் குச்சிகளைக் கட்டி, எட்டுப்பட்டைக் கூடாக்கி, டிஷ்யூ பேப்பர் ஒட்டி, கீழே வால் வைத்து, எல்லாவற்றையும் இரவு பன்னிரண்டு மணி வரை இருந்து நானே செய்தேன். அவள் ஒன்பது மணிக்கே நித்திரை. அடுத்த நாள் எல்லோரும் பாராட்டினார்கள், நாங்களும் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா போன் எடுத்து "என்ர குஞ்சு செய்த கூடோ?" என்று கேட்டா. "இல்லை, அது அப்பாவின்ர. நான் தொடக் கூடாதாம்" என்றாள் மகள்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட்டில், முற்றமும் இல்லாமல் மரமும் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் கைவேலைதான் பெரிய ஆறுதல். அதிலும் எங்கள் கையைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். நான் விட்ட பிழைகளில் பாதி இதனால் வந்தவை, மீதி வெறும் கவனக்குறைவு.

பாலர் பாடசாலையை நாங்கள் மொண்டிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி 1944 இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பும் நடத்தியவர். தன்னால் முடியும் என்று பிள்ளை நினைத்துச் செய்கிற வேலையில் பெரியவர்கள் தேவையில்லாமல் புகக் கூடாது என்பது அவருடைய முறையின் அடிப்படைகளில் ஒன்று. பெயரைப் பெயர்ப்பலகையில் மட்டும் வைத்துக்கொண்டோம் போல.

சரி, கீறுவதிலிருந்து தொடங்குவோம். ஒன்றரை வயதளவில் பிள்ளை கிறுக்கத் தொடங்கும், மூன்று வயதளவில் வட்டம் வரும், சதுரம் நான்கைத் தாண்டி, முக்கோணம் ஐந்தளவில். மூன்று நான்கு வயதில் ஆள் கீறச் சொன்னால் பெரிய தலையும் அதிலிருந்தே நேராக இரண்டு காலும் வரும், உடம்பே இருக்காது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் கீறுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு "வயிறு எங்கே? கழுத்து எங்கே?" என்று கேட்டு, பென்சிலை வாங்கி, நாங்களே வயிறு கீறிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை "நீங்களே கீறுங்கோ" என்று பென்சிலை நீட்டும். எங்கள் வீட்டில் அது நடந்து, திரும்பத் தானாகக் கீறவைக்க இரண்டு மாதம் போனது. "இது என்ன?" என்று கேட்பதும் அவ்வளவு நல்லதில்லை, சில நேரம் அது ஒன்றுமே இல்லை, பச்சைக் கலர் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். "இதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் கதை தானாக வரும்.

கத்தரிக்கோல் இன்னொரு பெரிய விஷயம். மூன்று வயதில் கடதாசியின் ஓரத்தைச் சும்மா கத்தரித்துக் குப்பையாக்குவதே போதுமான வேலை, கோட்டில் வெட்டு என்று நிற்காதீர்கள். வட்டத்தை ஒழுங்காக வெட்ட இன்னும் ஒன்று இரண்டு வருடமாவது வேண்டும். இடக்கைப் பிள்ளை என்றால் பாவம் அது இரண்டு மடங்கு பாடுபடும். சாதாரணக் கத்தரிக்கோலின் அலகுகள் வலக்கைக்காரருக்கென்று பொருத்தப்பட்டவை. இடக்கையில் பிடித்தால் வெட்டுகிற கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும், கடதாசியும் வெட்டுப்படாமல் மடியும். பிள்ளைக்கு வேலை வராது என்று நாங்கள் நினைப்போம், உண்மையில் சாமான்தான் சரியில்லை. இடக்கைக்கென்றே கத்தரிக்கோல் இருக்கிறது, தேடி வாங்குங்கள். அப்புறம் அந்தக் கையைத் தட்டி மற்றக் கைக்கு மாற்றுகிற வேலை வேண்டாம். சாப்பாட்டில் அம்மம்மாமாருடன் சண்டை பிடிக்க எனக்கும் தைரியமில்லை, பென்சிலிலும் கத்தரிக்கோலிலும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சாமான் வாங்குவதில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் பைத்தியம். புறக்கோட்டைக்குப் போனால் ஒரு பை நிறைய வாங்கி வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மேசையில் கொட்டுவோம். பிள்ளை பத்தையும் தொட்டுவிட்டு ஒன்றிலும் நிற்காமல் எழும்பிப் போகும். இரண்டு சாமான் போதும். யோகட் கப்பும் ஈர்க்கும் கொடுத்த நாளில் அவள் முக்கால் மணித்தியாலம் இருந்தாள், விலை கூடிய பெட்டி பதினைந்து நிமிடம்.

உருவம் செய்து விளையாட வீட்டில் பிசைகிற மா உருண்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வருகிற முறைகள் பல குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. அவ்வளவுதான். உப்புப் போட்டுச் செய்த உருவங்களைக் காயவைத்து எடுத்து வைக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு மழை மாதங்களில் நேற்றுக் கல்லாக இருந்த யானை இன்று வியர்த்துப்போய் நிற்கும். விளையாடி முடிந்தால் மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மணம் மாறினால் எறியுங்கள். சாப்பாட்டுச் சாமான்தானே, வாயில் வைத்தால் என்ன என்பதும் பிழை. அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து, பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம். கலருக்கு மஞ்சளும் பீட்ரூட்டும் நல்லவை, வெயில் பட்டால் வெளிறிவிடும், வெளிறட்டுமே. மஞ்சள் தடவிக் காயவைத்த கடதாசியில் சவர்க்காரத் தண்ணீரால் கீறினால் சிவப்பாக மாறும். மகளுக்கு இன்றுவரை அது மந்திரம்தான். வெள்ளை யூனிபோர்மோடு மட்டும் செய்யவிடாதீர்கள்.

இனிக் கொஞ்சம் பயமுறுத்தப் போகிறேன். கோயிலுக்கோ ஊருக்கோ போய் வரும்போது பிள்ளைகள் விதை பொறுக்கி வருவார்கள், நாங்களும் மாலை கோக்கலாம் என்று விடுவோம். கறுப்புப் பொட்டுள்ள சிவப்புக் குன்றிமணி கடும் நஞ்சு. முழுதாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே போகும், கடித்தாலோ ஊசியால் துளைத்தாலோ நஞ்சு வெளிவரும், மாலை கோப்பதென்றால் துளைக்கத்தானே வேண்டும். ஆமணக்கு விதையும் அப்படித்தான். முழுச் சிவப்பாக இருக்கிற மஞ்சாடி வேறு, ஆனாலும் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, டொய்லட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கிற அட்டைக் குழாய்க்குள் போகக்கூடிய எதையும் கொடுக்காதீர்கள். மணி, பட்டன், கடலை எல்லாம் இதில் அடங்கும்.

வெசாக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம் என்று இப்போது சின்ன மின்விளக்குகளை வாங்குகிறோம், நல்லதுதான், ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் காசு மாதிரியான வட்டப் பற்றரி இருக்கிறது. அதை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகமே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தண்ணீரில் போட்டால் ஊதுகிற கலர் முத்துகளையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள், வயிற்றுக்குள்ளும் அவை ஊதும்.

கொழும்புக்கென்றே ஒரு பிழை இருக்கிறது, அது பல்கனியில். "கைவேலைக்கு உதவும்" என்று யோகட் கப், சிரட்டை, தயிர்ச்சட்டி, வெட்டிய போத்தல் எல்லாம் ஒரு மூலையில் சேரும். மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தண்ணீர். டெங்கு நுளம்புக்கு அது போதும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், முட்டைகளோ தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடக்கும். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கட்டடத்துக்குப் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்த அன்று மகளின் "மீன் தொட்டி", அதாவது பெயின்ட் பூசிய தயிர்ச்சட்டி, பல்கனியில் தண்ணீரோடு இருந்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். கவிழ்த்து வையுங்கள், உள்ளே வையுங்கள், வாரத்துக்கு ஒரு தரம் தேய்த்துக் கழுவுங்கள்.

நேரம் பற்றி ஒரு வரி: பாடசாலை விட்டு வந்து களைத்துப்போன பிள்ளையை உட்கார வைத்து "வா, சந்தோஷமாக ஒட்டுவோம்" என்றால் அது இன்னொரு டியூஷன்தான். அழுக்குக்குப் பயந்து ஒவ்வொரு நிமிடமும் துடைத்துக்கொண்டு நிற்பதும் அப்படியே. பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துவிட்டு, தேத்தண்ணியோடு கதிரையில் தள்ளி இருங்கள். கண் மட்டும் அங்கே இருந்தால் போதும்.

கடைசியாக, செய்து முடித்ததை என்ன செய்வது? மாப்பசையால் ஒட்டியதைச் சுவரில் வைத்தால் கரப்பானுக்கு விருந்து, எல்லாவற்றையும் வைத்திருக்க பிளாட்டில் இடமும் இல்லை. பின்பக்கத்தில் திகதி எழுதி நாலைந்தை ஃபைலில் போடுங்கள், மற்றவற்றைப் படம் எடுத்துவிட்டு, பிள்ளையிடம் கேட்டுவிட்டு எறியுங்கள். நான் கேட்காமல் எறிந்தேன். அடுத்த நாள் காலை, தேயிலைச் சக்கையும் வெங்காயத் தோலும் ஒட்டியிருந்த அந்த யோகட் கப் ரயிலைக் குப்பைக் கூடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.