ஹாஸ்டல் அறை அலங்காரம்: பசை எடுக்கும் முன் பரப்பைப் பாருங்கள்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அறையை அழகுபடுத்த உட்கார்ந்தால் முதலில் பேசுவது நிறத்தையும் டிசைனையும் பற்றித்தான். ஆனால் பாதியில் பாழாகும் வேலைகளுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. எதன் மேல் ஒட்டுகிறோம், எதன் மேல் பூசுகிறோம் என்று பார்ப்பதில்லை. காய வேண்டிய நேரத்தையும் கொடுப்பதில்லை. அப்புறம், "எனக்குக் கைவேலை வராது" என்று சொல்லி எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்த முடிவுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

சுவரிலிருந்தே தொடங்கலாம். பல ஹாஸ்டல்களில் சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோதான் அடித்திருப்பார்கள். உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது. டேப் பிடித்துக்கொள்வது அந்தப் பொடியைத்தான், சுவரை இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டோக்கள் கீழே விழுவது இதனால்தான். சரி, விழாமல் நிற்கட்டும் என்று பஞ்சு வைத்த டபுள் சைடு டேப்பை ஒட்டினால், பிரிக்கும்போது மேல்பூச்சே பெயர்ந்து வரும். அறையைக் காலி செய்யும் நாளில் காஷன் டெபாசிட்டில் கழிப்பார்கள்.

பொடி உதிரும் சுவரைத் தொடாமல் விடுவதே நல்லது. ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை சணல் கயிறு கட்டி, சின்ன மரக் கிளிப்பில் போட்டோக்களை மாட்டலாம். இல்லையென்றால் ஒரு பெரிய அட்டையில் எல்லாவற்றையும் ஒட்டி மேசை மேல் சாய்த்து வைக்கலாம். எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவராக இருந்தால் காகித மாஸ்கிங் டேப் போதும். அதையும் நேராக வெளியே இழுக்காமல், சுவரை ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரியுங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் இன்னும் சுலபமாக வரும்.

எல்லாப் பசையும் ஒன்றல்ல

நான் பார்த்த வரையில் மிக அதிகமாகத் தவறு நடப்பது பசையில்தான். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்தது. அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். காகிதம், மரம், துணி, அட்டை போன்றவை ஈரத்தை உறிஞ்சுவதால் அவற்றில் பிரமாதமாகப் பிடிக்கும். கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் அதில் ஒட்டினால், நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் போக வழியில்லாமல் நாள்கணக்கில் நெகிழ்ந்தே கிடக்கும்.

ஃபெவிகுவிக் போன்றவை நேர் எதிர். காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரம் பட்டவுடன் அவை இறுகிவிடும். பருத்தித் துணி, பஞ்சு, நூல் இவற்றின் மேல் அதை ஊற்றுவது ஆபத்து. பருத்தியோடு சேரும்போது கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், சில சமயம் புகையும் வரும். கையுறை பருத்தியாக இருந்தால் தோலோடு சேர்த்துச் சுட்டுவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டி விடுவியுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

தெர்மாகோல் இன்னொரு கதை. அதில் பெரும்பகுதி காற்றுதான், மீதி பாலிஸ்டைரீன். ஸ்பிரே பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். கல்லூரி விழாவுக்காக ராத்திரி முழுக்க எழுத்து வெட்டி, காலையில் தங்க நிற ஸ்பிரே அடித்ததும் எழுத்தெல்லாம் குழி விழுந்து போவதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். உடனே ஒட்டும் பசைகளில் பலவும் அதை அரித்துவிடும், அதிகச் சூட்டில் வரும் குளூ கன்னும் உருக்கிவிடும். தெர்மாகோலுக்கு வெள்ளைப் பசை, அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலர். ஸ்பிரேதான் வேண்டுமென்றால், முதலில் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இடைவெளியில்லாமல் இரண்டு கோட் பூசி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் அடியுங்கள்.

குளூ கன்னை அறைக்கு அறை வைத்திருக்கிறார்கள். சுட்டுவிட்டால் என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. டூத்பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவ வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்ட பசையை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். தண்ணீரிலேயே ஆறவிடுங்கள், கொப்புளம் பெரிதாக வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாட்டிலும் படமும்

பாட்டில் ஆர்ட்டில் லேபிளை எடுத்த பிறகுதான் பிரச்சினை வருகிறது. லேபிளின் கோந்தை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்ல வழிதான். ஆனால் அந்த எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிஞ்சினாலும் பெயின்ட் நிற்காது. பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுக் கழுவி, துடைத்து, கடைசியாக ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் விரல் படாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பிரைமரோ ஜெஸோவோ (பெயின்ட் பிடித்துக்கொள்ள அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) ஒரு கோட். அதற்கு மேல்தான் அக்ரிலிக். வெறும் கண்ணாடி மேல் அடித்த அக்ரிலிக், நகம் பட்டாலே தோல் தோலாக உரியும். ஒரே தடித்த பூச்சாக இல்லாமல் மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று அடியுங்கள்.

பிரஷ்ஷை அக்ரிலிக்கோடு காயவிட்டால் அது அவ்வளவுதான், அப்புறம் தண்ணீரில் கரையாது.

பிரின்ட் எடுத்த படத்தை மரத்திலோ அட்டையிலோ ஒட்டி மேலே பசை பூசுகிறீர்களா? இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படம் பெரும்பாலும் ஈரம் பட்டதும் கசிந்து நிறம் ஓடும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்ட் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அதில் இருப்பது சூட்டில் உருகிக் காகிதத்தில் பதிந்த பொடி. ஸ்கெட்ச் பேனாவும் இப்படித்தான் கசியும். எதுவானாலும் மிச்சத் துண்டில் ஒருமுறை பூசிப் பார்த்துவிட்டு அசலில் கை வையுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கிய கிண்ணத்தை ஹாஸ்டல் வாஷ்பேசினில் கழுவ வேண்டாம். குழாய்க்குள் போயும் அது இறுகும். மிச்சத்தைக் கிண்ணத்திலேயே இறுகவிட்டுத் தட்டிக் குப்பையில் போடலாம்.

சீரியல் லைட்

எல்இடி சீரியல் லைட்டுக்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். அதோடு அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் சொருகுவதுதான் தவறு. 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 1,380 வாட்தான் தாங்கும். 1,500 வாட் கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

அதைவிட எனக்குப் பயமாக இருப்பது ஜன்னல் கம்பியில் சுற்றிய சீரியல் லைட். நேராகப் பிளக்கில் சொருகும் மலிவான வகையில் வயரின் உறை மெல்லியது. இரும்புக் கம்பியில் உரசி உறை கிழிந்தால் ஜன்னலே ஷாக் அடிக்கும், மழை நாளில் கேட்கவே வேண்டாம். அறைக்குள் யுஎஸ்பி அல்லது பேட்டரியில் எரியும் வகையை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. பஞ்சு, நெட் துணி, தெர்மாகோல் மேல் எந்த விளக்கையும் சுற்றி, எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

ரெசின் வேலை

கீசெயின், கோஸ்டர், கல்யாண மாலையைப் பாதுகாத்துத் தருவது என்று பல மாணவர்கள் ரெசினில் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ரெசின் என்பது ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்து மோல்டில், அதாவது அச்சில், ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம். ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில்தான் வினைபுரியும். கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பு போகாது. விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலது 2:1, சிலது 3:1. எடையா, அளவா என்பதையும் டப்பாவில் பாருங்கள். நிறையக் கலக்கி ஒரே கப்பில் வைத்திருந்தால் தானாகவே சூடேறிப் புகையும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

வாடாத பூவை அப்படியே போட்டால் உள்ளேயே பழுப்பாகும். சிலிகா ஜெல்லில் புதைத்து ஈரம் முழுக்கப் போன பிறகு எடுங்கள். கோஸ்டர் செய்தால் இன்னொரு விஷயம்: பல கைவினை ரெசின்கள் சுமார் 50 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சுடச்சுடக் காபி டம்ளர் வைத்தால் வட்டமாகத் தடம் விழும். வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

நாலு பேர் தூங்கும் அறையில் ரெசின் ஊற்றுவது சரியில்லை. துணி மாஸ்க் அதன் ஆவியைத் தடுக்காது. மொட்டை மாடி வராண்டா மாதிரிக் காற்றோட்டமான இடத்தில், நைட்ரைல் கையுறை போட்டுச் செய்யுங்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் ரெசின் பக்கமே போக முடியாமல் ஆகிவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரத்தால் ரெசின் மேல் மெழுகு போல் படியும், ஸ்பிரே வார்னிஷும் வெள்ளையாகப் பூத்துப் போகும். மோல்டிலிருந்து எடுக்கவே பெரும்பாலும் 24 மணி நேரம், முழுதாக இறுக மூன்று நாள்வரை ஆகும். அந்த மாதங்களில் ஆர்டர் எடுத்தால், மழை விட்ட நாளில் ஊற்ற வசதியாக இன்னும் சில நாள் சேர்த்தே தேதி சொல்லுங்கள்.