சக்கரத் தடத்தில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது? நாமே அளந்து பார்க்கலாம்

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளை, இராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் லேண்ட்மாஸ்டர் (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) போன தடத்தை மழை விட்டதும் போய்ப் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். தடத்தில் தேங்கி நிற்கும். சரிவென்றால் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். மண்ணுக்குள் இருந்த காற்றறைகளைச் சக்கரம் நசுக்கிவிட்டது. எவ்வளவு என்பதை அளந்துவிடலாம்.

நல்ல மழைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து, மண் சொதசொதப்பில்லாமல் ஈரமாக இருக்கும்போது போங்கள். காய்ந்த மண் எப்படியும் கெட்டியாகத்தான் இருக்கும்.

முதலில் கம்பிச் சோதனை. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புக் கம்பியை ஒரே சீராகக் கையால் அழுத்துங்கள். தடத்தில் ஐந்து இடம், தடம் படாத பாத்தியில் ஐந்து இடம். எந்த ஆழத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெனட்ரோமீட்டர் (மண் கம்பியை எதிர்க்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் இதையே எண்ணாகக் காட்டும்: அழுத்த அலகான மெகாபாஸ்கலில் 2-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு வேர் இறங்குவது சிரமம். இறுகிய மண்ணில் கரட் கிளைவிட்டுக் கோணலாவது இதனால்தான்.

அடுத்தது எடைச் சோதனை. உள்விட்டம் 7, உயரம் 10 சென்ரிமீற்றர் உள்ள குழாய்த் துண்டு ஒன்று வேண்டும். ஒரு விளிம்பை வெளிப்பக்கமாக அரத்தால் கூராக்குங்கள். மேலே பலகை வைத்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். குழாய் தரைமட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்; இன்னும் இரண்டு தட்டு தட்டினால் நீங்களே மண்ணை இறுக்கிவிடுவீர்கள். சுற்றித் தோண்டி எடுத்து, இரு முனையையும் கத்தியால் மட்டமாகச் சீவுங்கள். பெரிய கல் அகப்பட்டால் அந்த மாதிரி வேண்டாம்.

மண் முழுவதையும் தட்டில் பரப்பி, 105 பாகை செல்சியஸ் சூட்டில் 24 மணித்தியாலம் அவன் (oven) அடுப்பில் வையுங்கள். பிறகு நிறுங்கள்.

குழாயின் கொள்ளளவு 3.14 × 3.5 × 3.5 × 10, அதாவது சுமார் 385 கன சென்ரிமீற்றர். காய்ந்த மண்ணின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்ரிமீற்றரில் எத்தனை கிராம் என்பது கிடைக்கும். தடத்து மண் 540 கிராம் என்றால் அடர்த்தி 1.40, பாத்தி மண் 420 கிராம் என்றால் 1.09. களிமண்ணில் 1.5-ஐ நெருங்கினாலே வேர் திணறும். மணல் மண் 1.8 வரை தாங்கும். சேதனப் பொருள் நிறைந்த மலை மண் இயல்பிலேயே இலேசானது. ஆகவே தடத்தை மட்டும் அளந்து பயனில்லை, பக்கத்துப் பாத்தியையும் அதே நாளில் அளந்தே ஆக வேண்டும்.

சரி, ஆழத்திலும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு மாதிரி எடுங்கள்: அதே இடத்தில் 20 சென்ரிமீற்றருக்குக் கீழே. மேல்மண் இறுக்கத்தைக் கொத்தித் தளர்த்தலாம். பாரம் ஏற்றிய லொறி ஆழத்தில் உண்டாக்கும் இறுக்கத்துக்கு மண்வெட்டி எட்டாது.