பிசிஎல்-2 எலைசா: பசங்க டெஸ்ட் கிட்டை வீணாக்குற இடங்கள்

எலைசாங்கிறது ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு ஆன்டிபாடிய வச்சு நிறத்துல அளக்குற டெஸ்ட்டு, இங்க அளக்குறது பிசிஎல்-2ங்கிற புரதம். பைப்பெட் டிப் மாத்தாம ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச கரைசல்) எடுக்குறது, பிளேட்டோட வெல்லுல (குழியில) குமிழி விடுறது இதெல்லாம் கிட்டோட வர்ற தாள்லயே இருக்கு, அத விட்டுர்றேன். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ப்ராஜெக்ட் பண்ற பசங்க வருஷா வருஷம் விழுறது வேற பள்ளம், எங்க செட்டும் விழுந்த பள்ளம்தான்.

மொத்த புரதம் பாக்காம "பிசிஎல்-2 குறைஞ்சிருக்கு"ன்னு எழுதுறது

இத நெனச்சா இன்னமும் எரிச்சலா வருது. நம்ம ஊர்ல பாதி ப்ராஜெக்ட் ஒரே மாதிரிதான், வரப்புல கிடக்குற கரிசலாங்கண்ணியோ கீழாநெல்லியோ பறிச்சு சாறு எடுத்து எம்சிஎஃப்-7ங்கிற மார்பகப் புற்றுநோய் செல்லுல ஊத்தி, செல்லு சாகாம காப்பாத்துற பிசிஎல்-2 குறையுதான்னு பாக்குறது. நல்ல கேள்விதான். ஆனா சாறு பட்ட செல்லுல பாதி செத்து மிதக்கும், அத மீடியாவோட சேத்து சிங்க்ல கொட்டிட்டு, ஒட்டியிருக்குற மிச்சத்த மட்டும் லைசிஸ் பண்ணி (செல்ல உடைச்சு) பிளேட்டுல போட்டா அளவு குறையாம என்ன பண்ணும்?

கும்பகோணத்துப் பையன் ஒருத்தன் கிராஃப் கொண்டாந்து காட்டுனான், கன்ட்ரோல் உசரமா நிக்குது, சாறு போட்டது அதுல கால்வாசி. "தம்பி, மொத்த புரதம் எவ்வளவு?"ன்னேன். "அது வேற பாக்கணுமா சார்?" லைசேட் (உடைச்ச செல்லுக் கரைசல்) மிச்சம் இருக்கான்னா, ஃப்ரீசர்ல இடம் இல்லன்னு தூக்கிப் போட்டாச்சாம். பல ஆயிரம் ரூபா கிட்டு போச்சு.

ஒரு மா நிலத்துல கண்ட நெல்லையும் ஒரு வேலில கண்ட நெல்லையும் மூட்டைய மட்டும் எண்ணி எந்த வெத ஒசத்தின்னு சொல்ற கதைதான் இது. கணக்குக்கு வச்சுக்குங்க, கன்ட்ரோல்ல ஒரு மில்லிக்கு 12 நானோகிராம் பிசிஎல்-2, மொத்த புரதம் 2 மில்லிகிராம். சாறு போட்டதுல 3 நானோகிராம், புரதம் 0.5 மில்லிகிராம். வகுத்துப் பாருங்க, ரெண்டுமே 6. செல்லுதான் கொறஞ்சிருக்கு, ஒரு செல்லுக்குள்ள இருக்குற பிசிஎல்-2 அப்படியேதான் இருக்கு.

அதனால மிதக்குற செல்ல சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி ஒட்டியிருக்குறதோட சேருங்க, அதே லைசேட்ல பிசிஏ முறைல புரதம் பாருங்க (பிராட்ஃபோர்டு முறை வேணாம், லைசிஸ் பஃபர்ல இருக்குற டிடர்ஜென்ட் அத கெடுக்கும்), எல்லா வெல்லுக்கும் ஒரே அளவு புரதம் போடுங்க. அப்புறம் இன்னொன்னு, எம்சிஎஃப்-7ல, செல்லு சாவுல வேலை செய்ற காஸ்பேஸ்-3ங்கிற புரதம் கிடையாது, அதுக்கும் சேத்து ஒரு கிட்டு ஆர்டர் போட்டுறாதீங்க.

சீரத்துல (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற தெளிநீர்ல) தேடுறது

பிசிஎல்-2 சுமார் 26 கிலோடால்டன் புரதம், மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச் சவ்வுல வால ஊனிட்டு உக்காந்திருக்கும். வெளிய சுரக்குற சாமான் இல்ல. டப்பாவுல சீரம்னு போட்டிருந்தாலும் அங்க கிடைக்கிறது பெரும்பாலும் செத்த செல்லுல இருந்து கசிஞ்சதா இருக்கும், அத வச்சு கட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு கத எழுதாதீங்க.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதத்த ஜெல்லுல பிரிச்சுப் பாக்குற முறை) கொதிக்க வச்ச சாம்பிள்

போடாதீங்க. ஆன்டிபாடி பிடிக்கிற வடிவமே குலைஞ்சு போயிருக்கும்.

எலி சாம்பிளுக்கு ஹியூமன் கிட்டு

வேணாம்.

அசைடு (கெடாம இருக்கப் போடுற உப்பு) போட்ட பஃபர்

நிறம் வர வைக்கிற ஹெச்ஆர்பி என்சைம் வேலையே செய்யாது.

அக்னி நட்சத்திரத்துல "ரூம் டெம்பரேச்சர்"

தாள்ல சொல்ற ரூம் டெம்பரேச்சர் 18ல இருந்து 25 டிகிரி, ஏசி இல்லாத நம்ம லேப் இல்ல. மே மாசத்துல டிஎம்பி (நிறம் குடுக்குற கரைசல்) ஊத்துனா நீலம் மளமளன்னு ஏறிரும், ஓர வெல்லு காஞ்சு தனியா ஒரு ரீடிங் குடுக்கும், அதனால சீலர் ஒட்டுங்க. ஸ்டாப் சொல்யூஷன் ஊத்துறதுக்கு முன்னாடியே ரீடர 450 நானோமீட்டர்ல வச்சு ரெடி பண்ணிருங்க, மாசாந்திர பராமரிப்பு கரண்ட் கட்டு என்னைக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு அப்புறமா கிட்டைப் பிரிங்க.