மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை சைக்கிளில்: முதன்முறை புறப்படுவோருக்கு

மட்டக்களப்பில் சைக்கிள் யாருக்கும் புதுமையான பொருள் அன்று. மீன்பெட்டியைக் கரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியலில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகிறவர்களையும், ஒரு வீட்டு அடுப்புக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான விறகை ஏற்றித் தள்ளிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்தே நாம் வளர்ந்தோம். ஆனால், தொழில் எதுவும் இல்லாமல், ஊர் பார்ப்பதற்கென்றே இரண்டு மூன்று நாள் சைக்கிளில் போய்வரும் வழக்கம் நம்மிடையே அண்மையில்தான் பரவி வருகிறது. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் பலர் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தனர். அவர்களுள் சிலர் வரிசைகள் மறைந்த பின்னரும் அதனைத் திரும்ப மூலையில் சாத்தவில்லை. அப்படி ஒருவராக நீங்கள் இருந்து, கரையோர வீதி வழியே தெற்கே உகந்தை மலை முருகன் கோயில் வரை போக எண்ணினால், இந்தக் குறிப்புகள் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் உங்கள் பயணம் நல்லபடி அமையுமா என்பதை உங்கள் சைக்கிளின் விலை தீர்மானிப்பதில்லை. நீங்கள் புறப்படும் நேரமே தீர்மானிக்கிறது. வெயிலும் காற்றும் யானையும் பள்ளிக்கூட வாகனங்களும் தத்தமது நேரத்துக்கே வருகின்றன. அவற்றின் நேரத்தை அறிந்தவர் ஒற்றை வேகச் சைக்கிளிலும் சுகமாகப் போய்ச் சேருவார்.

காலம்

கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். வாவி கரைபுரளும், தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கும். அந்த மாதங்களில் புறப்பட வேண்டாம். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையுள்ள காலமே எனக்குப் பிடித்தது: மழை ஓய்ந்திருக்கும், வயல்கள் அறுவடையின் நிறத்தில் இருக்கும், வெயில் இன்னும் முழுக் கோபம் கொண்டிராது. மே முதல் செப்டெம்பர் வரை மழைத் தொல்லை இல்லையெனினும், கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்கிலிருந்து காய்ந்த நிலங்களைக் கடந்து சூடேறி வரும் அந்தக் காற்று, தெற்கு நோக்கிப் போகிறவரின் வலப்பக்கத்தில் அறைந்துகொண்டே இருக்கும். வெட்டவெளியில் அது சைக்கிளைக் கடற்பக்கமாகத் தள்ளுவதைக் கைப்பிடியிலேயே உணரலாம். விடியற்காலையில் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆகவே ஐந்தரை மணிக்குப் பெடலில் கால் வைத்துப் பத்தரை மணிக்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். பத்தரையிலிருந்து மூன்றரை வரை மரநிழலிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக் கிடப்பதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். அதுவும் பயணத்தின் ஒரு பகுதிதான்.

சைக்கிள்

கரையோர வீதி ஏறத்தாழ முழுவதும் சமதரை. பாலங்களின் ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஆகையால் கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிளே போதும். ஆனால் மூன்று இடங்களைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே சரிபார்த்துவிட வேண்டும்.

முதலாவது, சீற்றின் உயரம். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றும்படி சீற்றைப் பதித்து வைத்திருப்பார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது வசதிதான். 60 கிலோமீற்றர் மிதித்தால் முழங்கால் நோவு நிச்சயம். சீற்றில் அமர்ந்து, பெடலை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, குதிக்காலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். நிற்கும்போது நுனிக்காலில் ஊன்றப் பழகிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரயரின் காற்று. எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது ரயரின் பக்கச் சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். குறைந்த காற்றுடன் சுமையேற்றிப் போனால் குழியில் விழும்போது ரியூப் ரிம்முக்கும் ரயருக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளை விழும்.

மூன்றாவது, கரியரின் நட்டுகள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். எனது முதற்பயணத்தில் தம்பிலுவிலைத் தாண்டிய பின் கரியரின் ஒரு பக்க நட்டு அதிர்ந்து அதிர்ந்து கழன்று விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பை சரிந்து, அதன் நாடா பின்சக்கரத்தினுள் போய்ச் சுற்றிக்கொண்டது. மூன்று கம்பிகள் முறிந்தன, சக்கரம் நெளிந்தது, திருக்கோவில் வரை தள்ளிக்கொண்டு நடந்தேன். பிழை முழுவதும் என்னுடையதே. அன்றிலிருந்து இரண்டு மேலதிக நட்டுகளும் சிறு ஸ்பானர் ஒன்றும் எனது சட்டைப்பையில் இருக்கின்றன. நிறுத்துமிடந்தோறும் கரியரைக் கையால் ஒருதடவை ஆட்டிப் பார்க்கிறேன்.

சுமை

1884 இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சக்கரச் சைக்கிளில் புறப்பட்டு உலகைச் சுற்றிய தோமஸ் ஸ்டீவன்ஸ், காலுறைகள், மேலதிகச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் பயன்பட்ட மழைச்சட்டை, கைத்துப்பாக்கி ஆகியவற்றோடு கிளம்பினார். துப்பாக்கியை விட்டுவிட்டால், நமது பட்டியலும் அதைவிட நீளவேண்டியதில்லை. ஒரு மாற்றுடை, ஒரு சாரம், மெல்லிய மழையுறை, ஒரு தொப்பி, கைவிளக்கு ஆகியவை போதும். சாரத்தை விரிக்கலாம், போர்க்கலாம், குளிக்க உடுக்கலாம், கோயிலுக்கும் கட்டிக்கொண்டு போகலாம்.

முதுகுப்பை கொழுவிக்கொண்டு ஓட்ட வேண்டாம்; முதுகு நனைந்து, தோள் வலித்து, அரைநாளிலேயே வெறுத்துவிடும். பாரமானவற்றைக் கரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்குமாறு கட்டுங்கள். கட்டுவதற்குக் கயிற்றைவிடப் பழைய ரியூபை நீளவாக்கில் வெட்டியெடுத்த பட்டியே சிறந்தது. மீன் வியாபாரிகள் பெட்டி கட்டுவதைக் கவனியுங்கள்: பட்டியை இழுத்து முறுக்கி, நுனியை அதே சுற்றின் அடியில் செருகிவிடுகிறார்கள், முடிச்சு இல்லை, அவிழ்க்க ஒரு நொடி போதும், எத்தனை குழியில் விழுந்தாலும் தளர்வதில்லை. கடைகளில் விற்கும் கொளுக்கி இறப்பர்கள் இதற்கு ஈடாகா.

தண்ணீர் மூன்று லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். உடன் நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவையான ஜீவனிப் பொதிகள் ஒன்றிரண்டும் இருக்கட்டும். உப்பும் சீனியும் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரும் நல்லதே. தாகம் எடுத்த பின்னர் குடிப்பது இந்த வெயிலுக்குப் பிந்திய வைத்தியம். கால்மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒத்திகை

நேரே உகந்தைக்குக் கிளம்புவதற்கு முன், ஏற்றும் சுமை முழுவதையும் ஏற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாவியை ஒருதடவை குறுக்கே கடந்து வாருங்கள். கல்லடிப் பாலத்தால் புறப்பட்டு, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகியவற்றைக் கடந்து மண்முனைத்துறைப் பக்கம் திரும்பினால், 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் உங்களைப் படுவான்கரைக்குக் கொண்டுசேர்க்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, வாவியை இடப்புறமாக வைத்துத் தெற்கே அம்பிளாந்துறைக்குப் போங்கள். அங்கே பாதையில் சைக்கிளோடு ஏறி எதிர்க்கரையிலுள்ள குருக்கள்மடத்தில் இறங்கலாம். (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்பது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை.) பாதை அன்று ஓடுகிறதா, கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு என்பவற்றைப் போகும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும். குருக்கள்மடத்திலிருந்து பிரதான வீதியால் திரும்பினால் சுற்று ஏறத்தாழ 40 கிலோமீற்றர். எந்தக் கட்டு தளர்கிறது, எந்தச் சத்தம் புதிது, உட்காருமிடத்தில் எங்கே உரசுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு நாளில் வெளிப்பட்டுவிடும்.

வழி

கொழும்பிலிருந்து வருவோர் ரயிலில் சைக்கிளையும் பொதியாகப் பதிந்து கொண்டுவரலாம். நிலையத்தில் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அங்கிருந்து அக்கரைப்பற்று 25, பின்னர் பொத்துவில் 45. பொத்துவிலிலிருந்து பாணமை 17 அளவில், அதற்கப்பால் உகந்தை இன்னும் 15 அளவில். முதல் நாள் அக்கரைப்பற்று, இரண்டாம் நாள் பொத்துவில் அல்லது அதனை அடுத்துள்ள அறுகம்பை, மூன்றாம் நாள் உகந்தைக்குப் போய் அறுகம்பைக்கே திரும்புதல் என்று பிரித்துக்கொள்வது புதியவருக்குத் தாங்கும்.

கல்லடியில் 1924 இல் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அப்பால் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அவர் 1892 இல் பிறந்த காரைதீவு கல்முனைக்குச் சற்றுத் தெற்கே வருகிறது. ஒரு முற்பகல் மிதிப்பில் அவருடைய சமாதியிலிருந்து பிறந்த ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் விநோதமாகவே தோன்றும்.

காத்தான்குடியைக் கடந்தபின் களுவாஞ்சிகுடி வரை வீதி ஓரளவு அமைதியானது. மருதமுனையிலிருந்து காரைதீவு வரை ஊருக்கும் ஊருக்கும் எல்லை தெரியாமல் கடைகள் தொடர்கின்றன. பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதும், முச்சக்கர வண்டிகள் திடீரென ஓரம் கட்டுவதும் அங்கேதான். பாடசாலை தொடங்கும் ஏழு, ஏழரை மணியையும் கலையும் ஒன்றரை மணியையும் அந்தப் பகுதியில் தவிர்க்கப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் வாகனங்களை ஒட்டிப் போகாமல், கதவு திறந்தாலும் படாத தூரத்தில் நேர்கோட்டில் போவதே பாதுகாப்பு. வெள்ளிக்கிழமை நண்பகலில் காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகலுணவுக் கடைகள் திறப்பதில்லை. அதற்கேற்பக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு, பொது இடத்தில் உண்பதைத் தவிர்ப்பது மரியாதை. ஆணாயினும் பெண்ணாயினும் முழங்காலை மறைக்கும் தளர்ந்த உடை இந்த வீதி முழுவதற்கும் பொருந்தும்.

திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் பின்னாலேயே கடல். அதற்குத் தெற்கே ஊர்கள் ஐதாகி, தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி என்று பற்றைக்காடு நெருங்கி வருகிறது. இலங்கையின் கிழக்கு முனை சங்கமன்கண்டியில்தான் இருக்கிறது. இந்தத் துண்டு யானை நடமாடும் நிலம். மாலை ஐந்து மணிக்குப் பிறகும் நன்றாக விடிவதற்கு முன்னரும் இங்கே சைக்கிளில் இருக்கக் கூடாது. ஐந்தரை மணிக்குப் புறப்படும் வழக்கத்தை இங்கே மட்டும் தளர்த்தி, ஊரவர் வாகனங்கள் ஓடத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. வீதியோரம் யானை நின்றால் தூரத்திலேயே நின்று, ஒரு பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து, ஊரவர் சொற்படி நடவுங்கள்.

பாணமைக்கு அப்பாலும் இதே எச்சரிக்கைதான். அங்கே கிரவல் பகுதிகளும் மணலும் வரும். கடைகளை நம்ப முடியாது. தண்ணீரைப் பாணமையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உகந்தை மலை முருகன் கோயிலோடு சைக்கிள்காரனின் வழி முடிகிறது. அதற்கப்பால் குமண தேசியப் பூங்கா. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்களுக்காகக் காட்டுவழி திறக்கப்படும். மற்றக் காலத்தில் நடந்தோ சைக்கிளிலோ உள்ளே போக இடமில்லை.

காற்றுப் போனால்

திருக்கோவிலுக்குத் தெற்கே வீதியோர மணலில் நெருஞ்சி முள் மலிந்திருக்கும். ஓரத்தில் இறங்கி நிறுத்தினால் ரயரைக் கையால் தடவிவிட்டே மீண்டும் ஏறுங்கள். ஒட்டுத் துண்டுகள், சொலூசன், அரத்தாள், இரண்டு லீவர், கைப்பம்பு, ஒரு புது ரியூப் ஆகியவை இல்லாமல் அக்கரைப்பற்றைத் தாண்ட வேண்டாம்; அதற்கப்பால் சைக்கிள் கடைகள் அரிது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிச்சக் காற்றையும் விட்டு, லீவரால் ரயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, ரியூபை உருவுங்கள். காற்றடித்து உதட்டருகே பிடித்தால் துளையிலிருந்து வரும் காற்று தோலில் படும். தண்ணீர் கிடைத்தால் குமிழி காட்டும். துளையைச் சுற்றி அரத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, சொலூசனை மெல்லிதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரவிடுங்கள். இந்தச் சில நிமிடம் பொறுக்காமல் ஈரத்தோடு ஒட்டுகிறவர்களே மறுபடி தெருவில் உட்காருகிறார்கள். ஒட்டை அழுத்திய பின், ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகச் சுற்றித் தடவி முள்ளைத் தேடி எடுக்க வேண்டும். அதை மறந்தால் அதே முள் அதே இடத்தில் மறுபடியும் குத்தும்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் பிடித்தபடி நடவுங்கள். கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய ஊர்களில் அரச வைத்தியசாலைகள் உள்ளன. அவசர அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

திரும்பும் வழியை மிதிக்க மனமில்லாதவர்கள், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வாரா என்று பொத்துவிலில் பஸ் நடத்துநரிடம் பேசிப் பார்க்கலாம். சனம் குறைந்த காலை பஸ்ஸில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல், முடிவு அவர் கையில். வீட்டுக்கு வந்த அன்றே, களைப்பைப் பாராமல், நல்ல தண்ணீர் ஊற்றிச் சைக்கிளைக் கழுவிவிடுங்கள். கடற்காற்றின் உப்பு மூன்று நாளில் செயினைச் சிவக்கவைத்துவிடும். துணியால் துடைத்து, காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில்தான் அடுத்த பயணத்தின் மணல் வந்து ஒட்டும்.